குவாதலூப் தீவில் ஊர்ச்சனத்தோடு இருந்து பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாரிஸ் புறநகரில் வேலை பார்ப்பவன். குவாதலூப் தீவுக்கு நாலு தடவை போயிருக்கிறேன். நாலு தடவையும் ஒரே ஊர், ஒரே வீடு. "ஓட்டல், கடற்கரை நாற்காலி எல்லாம் வேண்டாம், அங்கே இருக்கிறவர்களோடு இருந்து பார்க்கணும், எப்படி?" என்று கேட்காத நண்பர் இல்லை. ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு மணி நேரம் சொல்வதற்கு, ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் தீர்ந்தது.

கரீபியன் கடலில் எத்தனையோ தீவு இருக்கிறதே, ஏன் குவாதலூப்?

ஜமைக்கா, டிரினிடாட், டொமினிக்கா என்று யார் யாருக்கு எது பிடிக்கிறதோ அது. நான் நன்றாக அறிந்தது இதுதான், அதனால் இதைப் பற்றி எழுதுகிறேன். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நேராக எட்டரை, ஒன்பது மணி நேரம். 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம், காசு யூரோ, தபால்பெட்டி மஞ்சள். ஆனால் இறங்கி ஒரு மணி நேரத்தில் இது பிரான்ஸ் இல்லை என்று தெரிந்துவிடும்.

வரைபடத்தில் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். இரண்டு இறக்கை, நடுவில் ஒரு குறுகிய உப்பாறு. கிழக்கு இறக்கைக்கு கிராந்த்-தேர், அதாவது 'பெருநிலம்' என்று பெயர். அதுதான் சின்னது, தட்டையானது, கரும்பு வயல். மேற்கு இறக்கை பாஸ்-தேர், 'தாழ்நிலம்'. அதில்தான் 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. பெயர் வைத்தவர் மாலுமி. காற்று எந்தப் பக்கம் தாழ்ந்து வீசுகிறது என்று பார்த்து வைத்த பெயர், மலையைப் பார்த்து வைத்ததில்லை என்கிறார்கள்.

விசா வேண்டுமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு வேண்டும். ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: குவாதலூப் ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கன் வட்டாரத்தில் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று விமானம் ஏறப் போகாதீர்கள். பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பிரான்ஸில் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதற்கும் பிரெஞ்சுத் தூதரகப் பக்கத்தைப் புறப்படும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

வெயிலுக்கும் கடலுக்கும் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஆனால் கேள்வி ஊர்ச்சனத்தோடு இருப்பது பற்றியல்லவா? அப்படியானால் வானிலையைப் பார்க்காதீர்கள், நாட்காட்டியைப் பாருங்கள்.

நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாள். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்; குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்கு வந்து ஆயிரக்கணக்கில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மோர்ன்-ஆ-லோ ஊரில் கல்லறைகள் எல்லாம் கறுப்பு வெள்ளைச் சதுரங்கப் பலகை மாதிரி ஓடு பதித்த குட்டி வீடுகள். அன்றைக்கு அங்கே சோகம் தேடினால் கிடைக்காது. பிள்ளைகள் ஓடி விளையாடும், வாசலில் கடலை விற்பார்கள், மூன்று வருடம் பார்க்காத சித்தப்பாவை அங்கேதான் பார்ப்பார்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வார இறுதி இரவுகளில் 'ஷாந்தே நோயெல்'. ஒரு வீட்டு முற்றத்திலோ சங்கக் கூடத்திலோ கூடி, கையில் பாட்டுப் புத்தகத்தோடு கிறிஸ்துமஸ் பாட்டுகளை மேளம் வைத்துப் பாடுவது. வரி தெரியாதவர்க்குப் பக்கத்திலிருப்பவர் புத்தகத்தை நீட்டிவிடுவார். புதிதாக வந்தவர் உள்ளே நுழைய இதைவிட எளிதான வாசல் இல்லை. பன்றித் தொடை இறைச்சி, பெருவள்ளிக் கிழங்கு, பச்சைத் துவரை. ஆமாம், நம் துவரையேதான். அங்கே பருப்பாக உடைக்காமல் பச்சையாக உரித்துக் குழம்பு வைக்கிறார்கள்.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து சாம்பல் புதன் வரை கார்னிவல். ஞாயிறுதோறும் தெருவில் குழுக்கள் இறங்கும். இறகு, ஜிகினா வேடங்கள் ஒரு பக்கம். ஆட்டுத்தோல் மேளத்தோடு சாட்டை சொடுக்கிக்கொண்டு இருட்டில் வேகநடையாக வரும் 'தோல் குழுக்கள்' இன்னொரு பக்கம். அகியோ, வூகூம் போன்ற குழுக்கள் வந்தால் ஓரமாக நின்று பார்ப்பதில்லை, பின்னாலேயே நடக்கிறார்கள். நீங்களும் நடக்கலாம். கடைசி நாள் எல்லோரும் கறுப்பு வெள்ளை உடுத்தி, வாவால் என்ற கார்னிவல் ராஜாவின் கொடும்பாவியைக் கொளுத்தி அழுவார்கள். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

ஈஸ்டர் வார இறுதியில் ஊரே கடற்கரையில் கூடாரம் போட்டிருக்கும். திங்கட்கிழமை நண்டுச் சோறு, பெயர் மாதேதே. ஆகஸ்டில் சைக்கிள் பந்தயம். தீவைச் சுற்றி வீரர்கள் வரும் வழியெல்லாம் சனம் குடையோடு, ஐஸ் பெட்டியோடு காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கும். அதே மாதம் புவாந்த்-ஆ-பித்ர் நகரில் சமையற்காரப் பெண்கள் மெட்ராஸ் என்ற கட்டம்போட்ட துணி உடுத்திக் கூடை ஏந்தி ஊர்வலம் போவார்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 1989 செப்டம்பரில் வந்த ஹியூகோ புயலை வைத்துத்தான் அங்கே வயதே சொல்கிறார்கள்: "ஹியூகோவுக்கு அப்புறம் பிறந்தவன் இவன்."

எங்கே தங்குவது?

கடற்கரைச் சுற்றுலா ஊர்களை விட்டுவிடுங்கள். ஒரு வீட்டின் பின்கட்டையோ மாடியையோ வாடகைக்கு விடும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு, 'ஜீத்' என்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சொந்தக்காரர் அதே வளவில் குடியிருக்கிறாரா? இருந்தால் சரி. சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எண் மட்டும் அனுப்பும் வீடென்றால், நீங்கள் அங்கே தனியாகத்தான் இருப்பீர்கள்.

அப்புறம், ஊர் மாறாதீர்கள். பத்து நாளில் ஐந்து இடம் என்று திட்டம் போடுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அது வேறு பயணம். ஆனால் ரொட்டிக் கடைக்காரம்மா மூன்றாம் நாள்தான் உங்கள் முகத்தைப் பார்ப்பார், ஐந்தாம் நாள்தான் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பார். நாலாம் நாள் மூட்டை கட்டினால் என்ன செய்வது?

பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்கலாமா?

ஆங்கிலம் ஓட்டலோடு சரி. நூறு வார்த்தை பிரெஞ்சாவது கற்றுக்கொண்டு போங்கள். வீட்டு மொழி கிரேயோல். பிரெஞ்சுச் சொற்கள், ஆப்பிரிக்க நடை. பள்ளி, அலுவலகம், புது ஆள் என்றால் பிரெஞ்சு; கோபம், கேலி, பாட்டு, டொமினோ என்றால் கிரேயோல். "சா ஊ ஃபே?" என்றால் எப்படி இருக்கிறாய். பதில் "ஆன் லா." இதோ இருக்கிறேன், அவ்வளவுதான். நம்மூர்ப் பெரியவர்கள் "ஏதோ இருக்கேன்" என்பார்களே, அதே தொனி.

ஒரு எச்சரிக்கை: இரண்டு வார்த்தை கற்றதும் பெரியவர்களிடம் கிரேயோலில் ஆரம்பிக்காதீர்கள். எந்த மொழியில் பேசுகிறோம் என்பதிலேயே நீங்கள்-நீ மாதிரி ஒரு வித்தியாசம் உண்டு. முன்பின் தெரியாத பெரியவரிடம் பிரெஞ்சில் மரியாதையாகத் தொடங்கி, அவர் கிரேயோலுக்கு மாறினால் பின்னால் போவது நல்லது.

முதல் நாளே எல்லோரும் செய்யும் தவறு எது?

வணக்கம் சொல்லாமல் நுழைவது. நானும் செய்தேன். முதல் காலை ரொட்டிக் கடைக்குப் போய், வரிசை நகர்ந்து என் முறை வந்ததும் "இரண்டு பகெத்" (நீள ரொட்டி) என்றேன். கல்லாவிலிருந்த அம்மா அசையவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் நிதானமாக, ஒவ்வொரு அசையாக, "போன்... ஜூர்" என்றார். பின்னால் வரிசையிலும் பேச்சு நின்றுபோயிருந்தது. நான் போன்ஜூர் சொன்னேன். "ஆ. இரண்டு பகெத்தா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் வாசற்படியிலேயே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். வரிசை முழுக்கப் பதில் சொன்னது. கடை, பஸ், மருத்துவர் அறை வாசல், எங்கே நுழைந்தாலும் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன்ஜூர். மதியம் தாண்டினால் 'போன்சுவார்'. பாரிஸில் பழகியவர்களுக்கு இரண்டு மணிக்கே மாலை வணக்கமா என்று இருக்கும். இருக்கட்டும்.

என்ன சாப்பிடுவது?

ஊர்ச்சாப்பாட்டுக்கு 'லோலோ' என்ற சின்னக் கடைகள். முன்பு மளிகையும் சாப்பாடும் கலந்து விற்ற பெட்டிக்கடை. இன்று நாலு மேசை, எழுதிவைத்த ஒரு பலகை. பன்னிரண்டு மணிக்குப் போங்கள். ஒன்றரைக்குப் போனால் மீதி எதுவோ அதுதான். இரவில் சாலையோர வேன்களில் போகிட்: மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, பூரி மாதிரி உப்பியதும் வயிற்றைக் கீறி, உப்புக் கருவாடோ கோழியோ வைத்து, மேலே மிளகாய்ச் சாந்து. "மிளகாய் வைக்கவா?" என்று கேட்டால் முதல் தடவை கொஞ்சம் என்றே சொல்லுங்கள். காரத்தில் நம்மை மிஞ்சுவார்களா என்று போனவன்தான் நானும்.

வீடுகளில் தோம்ப்ரே என்ற மாவு உருண்டைகள், ஈரப்பலா, சேம்பு, பச்சை வாழைக்காய், கொலோம்போ. கொலோம்போ பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பிழைக்க முடியுமா?

கஷ்டம்தான், ஆனால் முடியும். "ஆன் பா கா மான்ஜே வியான்" என்றால் இறைச்சி சாப்பிடமாட்டேன். இதை மட்டும் சொன்னால் மீன் வரும், "நி ப்வாசோன்" என்று மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரைக் குழம்பும் சோறும் கேட்டாலும் உள்ளே ஒரு துண்டு பன்றிவால் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பூசணி மசியல், சீமைச் சுரைக்காய் கிராத்தேன், வாழைக்காய்ப் பொரியல், பயறு வகை, பழம் உண்டு. ராஸ்தாஃபாரி என்ற சமயத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் சின்னக் கடைகளில் இறைச்சியே கிடையாது.

லேவோஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன? வெளியாள் போகலாமா?

போகலாம். ஒரே ஒரு இரவு மட்டும் கிடைத்தால் நான் இங்கேதான் போகச் சொல்வேன்.

க்வோ கா என்பது குவாதலூப்பின் மேள இசை. 2014-இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உப்பிறைச்சி வந்த பீப்பாய்களில் தோல் கட்டி அடித்ததில் தொடங்கியது. இரண்டு வகை மேளம். பூலா தாளத்தை விடாமல் பிடிக்கும். அதற்குக் கிடாயின் தோல். மாக்கே பேசும்; அதற்குப் பெட்டையாட்டின் தோல். தாளம் ஏழு. துக்கத்துக்கும் காதலுக்கும் கலாஜா, மரவள்ளி துருவும் வேலைக்கு கிராஜ், கொண்டாட்டத்துக்குத் தும்ப்ளாக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். லேவோஸ் என்பது ஒரு தாளத்தின் பெயர், இந்த இரவுக் கூட்டத்துக்கும் அதே பெயர்.

வெள்ளி, சனி இரவுகளில் ஏதாவது ஒரு ஊரில் நடக்கும். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. நான் முதலில் போனது கரும்பு வயலோரம் ஒரு வீட்டு முற்றம். தகரக் கொட்டகை, ஒரு குண்டு பல்பு, மூலையில் சூப் விற்கும் அம்மா. பத்து மணி வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒருவர் பாட்டெடுக்க, சுற்றி நின்றவர்கள் எதிர்ப்பாட்டு கொடுக்க, வட்டம் தானாக இறுகியது. நான் வட்டத்தின் உள்விளிம்பில் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டுபோய், எதிர்ப்பாட்டுக்காரர்கள் நடுவில் நிறுத்திவிட்டார். கை இரண்டும் வேண்டும், தட்ட வேண்டும். போன் சட்டைப்பைக்குள் போயிற்று.

அப்புறம் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, கைப்பையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். மேளத்துக்கு எதிரே நின்று ஒரு தலையசைப்பு. மாக்கே அடிப்பவர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்கக் காலில். அவர் குதிகால் வைத்தால் அடி, இடுப்பு திருப்பினால் உருட்டல், விழப்போவது போலச் சாய்ந்தால் மேளமும் சாய்ந்து தடுமாறியது. சட்டென்று நின்றார், மேளம் அரை அடியில் நின்றது. கூட்டம் கத்திச் சிரித்தது. அந்தம்மா கைப்பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி சூப் வாங்கப் போனார். நம்மூரில் ஜதிக்கு ஆடுகிறோம். இங்கே ஆட்டத்துக்கு ஜதி.

போகிறவர்களுக்கு: ஒருவர் ஆடும்போது உள்ளே நுழையக் கூடாது. மேளத்தைத் தொட வேண்டாம். சூப்பும் குடிக்க ஏதாவதும் வாங்குங்கள், அந்த இரவின் செலவு அதிலிருந்துதான் வருகிறது. எங்கே நடக்கிறது என்று தங்கும் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். இரவுக்கு வழியில்லாதவர்கள் சனிக்கிழமை காலை புவாந்த்-ஆ-பித்ர் கடைத்தெருவுக்குப் போகலாம், அங்கேயும் அடிப்பார்கள். 1984-இல் இறந்த வேலோ என்ற பெரும் மேளக்காரருக்கு அங்கே சிலை இருக்கிறது.

அங்கே தமிழர் இருக்கிறார்களாமே? தமிழ் பேசுவார்களா?

தமிழ் வம்சாவளியினர் நிறைய. தமிழ் பேசுவது இல்லை.

1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வயலுக்கு ஆள் இல்லை. 1854 டிசம்பர் 24-ஆம் தேதி ஓரேலி என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு புவாந்த்-ஆ-பித்ர் துறையில் நின்றது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழ்ச்சனம், பிறகு கல்கத்தா வழியாகவும். ஐந்து வருட ஒப்பந்தம், திரும்பும் பயணம் உறுதி என்று எழுத்தில் இருந்தது. திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். வேலையிலும் நோயிலும் மாண்டவர்கள் மிக அதிகம். இங்கேயே பிறந்தவர்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை மறுக்கப்பட்டது. காப்ஸ்தேர் ஊர்க்காரரான ஆன்ரி சிதம்பரம் (1863-1952) 1904-இல் அதற்கு எதிராக வழக்காடத் தொடங்கினார். முடிவு வர 1923 ஆயிற்று.

இன்று சாலைப் பெயர்ப்பலகையில், தபால்பெட்டியில் ராமசாமி, முத்துசாமி, சிதம்பரம் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராக நிற்கும். காப்ஸ்தேர்-பெல்-ஓ ஊரில் சாலையோரமாகவே ஷாங்ஜி கோவில், கோபுரமும் வண்ணச் சிலைகளுமாக. மாரியம்மன் 'மாலியெமேன்' ஆகியிருக்கிறாள், மதுரைவீரன் 'மால்தேவிலேன்.' நாகூர் ஆண்டவரும் கப்பலில் கூடவே வந்து, கொடிமரத்தோடு 'நாகூர்மிரா' என்று அதே சடங்கில் இடம்பிடித்திருக்கிறார். மத்தளத்துக்கு 'மாதலோன்', தப்புக்குத் 'தாப்பு.' தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வந்த தமிழ்ப் பாட்டைப் பூசாரி பாடும்போது நமக்கு நாலு வார்த்தை பிடிபடும், ஐந்தாவது நழுவும்.

அந்த இடத்தில் நம்மவர்கள் ஒரு காரியம் செய்வார்கள்: உச்சரிப்பைத் திருத்துவது. தயவுசெய்து வேண்டாம். சாமி பெயரை எழுத ஆளில்லாமல் காதிலும் வாயிலும் 170 வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆடு, சேவல் பலியும் உண்டு. பார்க்க முடியாதவர்கள் முன்பே ஒதுங்கிக்கொள்ளலாம். சடங்கு நாளுக்கு முன் வீட்டார் இறைச்சி விட்டு விரதம் இருப்பார்கள். அழைத்தால் மட்டும் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், வாழையிலையில் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கொலோம்போ என்ன என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு அரைத்த பொடி. அதில் வைத்த ஆட்டுக்கறி, கோழி. 'குழம்பு' திரிந்த பெயர் என்பதுதான் பரவலாகச் சொல்லும் விளக்கம். இன்று அது இந்திய வம்சாவளியின் உணவு மட்டுமல்ல, தீவு முழுவதன் ஞாயிற்றுக்கிழமை உணவு. தேசிய உடைபோல ஆகிவிட்ட கட்டம்போட்ட துணிக்கும் பெயர் மெட்ராஸ்தான்.

அடிமை முறை வரலாறு பற்றிப் பேசலாமா?

அவர்களே பேசுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 1794-இல் ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802-இல் நெப்போலியன் மறுபடி கொண்டுவரப் படை அனுப்பியபோது, லூயி தெல்க்ரேஸ் என்ற படையதிகாரி எதிர்த்து நின்று, தப்ப வழியில்லை என்றானதும் 1802 மே 28-இல் மாத்துபா மலையில் தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீவைத்து மாண்டார். மே 27 அடிமை ஒழிப்பு விடுமுறை. பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த நினைவகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தால், கடைக்காரர் ஏன் முதலில் வணக்கத்தை எதிர்பார்க்கிறார் என்பதே வேறு மாதிரி புரியும்.

அன்றாட வாழ்க்கையில் எது கஷ்டம்?

தண்ணீர். இத்தனை மழையும் மலையும் இருக்கிற தீவில் குழாய்கள் பழுதாகி, பாதிக்கு மேல் வழியிலேயே ஒழுகிப்போகிறது. எந்தப் பகுதிக்கு எந்த நாள் தண்ணீர் நிற்கும் என்று முறை வைத்து அறிவிப்பார்கள். நான் தங்கிய வீட்டுக் குளியலறையில் மூடிபோட்ட நீல டிரம், மேலே ஒரு சொம்பு. பார்த்ததும் சிரித்துவிட்டேன், வீட்டம்மாவுக்கு ஏனென்று புரியவில்லை. குடத்தில் பிடித்து வைத்துக் குளித்து வளர்ந்தவன் என்று சொன்ன பிறகு டிரம் நிரப்பும் வேலை எனக்கு வந்தது. உண்மையில் அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டில் விருந்தாளி இல்லை என்று ஆனேன்.

விலை. 2022 கணக்கெடுப்பில் உணவுப் பொருள் விலை பிரான்ஸ் பெருநிலத்தை விட 42 சதவீதம் அதிகம். 2009-இல் 44 நாள் தீவே வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். வீட்டில் தங்கினால் கைவீசிக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள். அரிசியோ எண்ணெயோ வாங்கிப் போடுங்கள்.

பஸ். மாலையானால் குறையும், ஞாயிறு கிட்டத்தட்ட இல்லை. வாடகைக் கார் எடுக்கலாம். ஆனால் ஒன்று, காலை ஏழு மணிக்குப் புவாந்த்-ஆ-பித்ர் பக்கம் போனால் நெரிசலில் மாட்டுவீர்கள். தேங்காய் மரத்தடியில் எல்லோரும் சாய்ந்திருப்பார்கள் என்று நினைத்து வந்தவர் அந்த நெரிசலை ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும்.

தோட்டத்துக் காய்கறி வாங்கலாமா?

கேட்டு வாங்குங்கள். குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தை 1972 முதல் 1993 வரை வாழைத் தோட்டங்களில் அடித்தார்கள். பாஸ்-தேர் தெற்கே பல இடங்களில் மண்ணில் இன்னும் இருக்கிறது. தீவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதன் சுவடு. கிழங்கு வகைதான் மண்ணிலிருந்து அதிகம் இழுக்கும். மாம்பழம், ஈரப்பலா, வாழைக்குப் பயமில்லை. "எந்த மண்ணில் விளைந்தது?" என்று சந்தையில் கேட்பது அவமரியாதை இல்லை, ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். ஆனால் இதைச் சுற்றுலாக்காரர் பயமாகப் பேசாதீர்கள். அவர்களுக்கு இது இன்னும் தீராத வழக்கு, கோபம்.

ரம் குடித்தே ஆக வேண்டுமா?

இல்லை. பழச்சாறு கேட்டால் ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். குடிப்பவர்களுக்கு: தி-போன்ஷ் என்பது வெள்ளை ரம், கரும்புச் சர்க்கரை, எலுமிச்சை. பாட்டிலை மேசையில் வைத்துவிடுவார்கள், அளவு உங்கள் பொறுப்பு. அவரவர் சாவை அவரவரே கலந்துகொள்வது என்று அதற்கு ஒரு வழக்கு. மரி-கலாந்த் தீவு ரம் 59 சதவீதம், அதை மறக்க வேண்டாம்.

யாராவது இறந்துவிட்டால் போகலாமா?

வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தெரிந்த வீடென்றால் இரவு கண்விழிப்புக்குப் போகலாம். உள்ளே செபம், வெளியே டொமினோ, காபி, ரம், கதை. கதைசொல்லி "கிரிக்!" என்பார், கூட்டம் "கிராக்!" என்று பதில் சொன்னால்தான் கதை நகரும்.

ஆபத்து ஏதாவது?

கடற்கரையில் சிவப்புப் பட்டை பூசிய மரம் கண்டால் அடியில் நிற்காதீர்கள், மழை பெய்யும்போது முக்கியமாக. மான்சனியே, பால் பட்டால் கொப்புளிக்கும், சின்ன ஆப்பிள் மாதிரி பழம் கொடிய விஷம். நகரத்தில் இரவில் வெறிச்சோடிய தெருக்களில் தனியாக அலைய வேண்டாம். எந்த நகரத்துக்கும் சொல்வதுதான்.

சின்னத் தீவுகள் எப்படி?

நேரம் மெதுவாகப் போக வேண்டும் என்றால் மரி-கலாந்த். புவாந்த்-ஆ-பித்ரிலிருந்து கப்பலில் ஒரு மணி நேரம். காற்றாலைக் கோபுரங்கள், மூன்று ரம் ஆலை, கரும்பு இழுக்கும் மாட்டுவண்டி. பகல் பயணமாகப் போகிறவர்கள் மாலைக் கப்பலில் திரும்பிவிடுவார்கள்; அதற்குப் பிறகுதான் திண்ணையில் நாற்காலி வெளியே வரும். இரவு தங்குங்கள்.

என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?

பாரிஸிலிருந்து வாசனைத் திரவியமோ சாக்லேட்டோ வேண்டாம், அது அங்கேயே கிடைக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, செடி, விதை கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. நான் முதல் தடவை எனக்காக ஒரு டப்பா சாம்பார்ப் பொடி கொண்டுபோயிருந்தேன். வீட்டம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், "இது கொலோம்போ, ஆனால் யாரோ வறுத்துக் கெடுத்திருக்கிறார்கள்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டே ஆட்டுக்கறி வைத்தார். டப்பா காலி. போன வருடம் ஒரு கிலோ கேட்டு அனுப்பியிருந்தார், வறுப்பு குறைவாக இருக்கட்டும் என்ற குறிப்போடு.